கைப்பிடியைக் கழற்றச் சொன்ன காலை

கட்டடக் கலைஞர் என்ற பட்டத்தை வாங்கிக்கொண்டு லண்டனில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, முதலில் என் அனுதாபங்கள். வீட்டில் டொக்டராகச் சொல்லியிருப்பார்கள். கேட்டிருக்கலாம். இனி உங்கள் இளமையின் நல்ல பகுதி, கழிப்பறைக் கதவு உள்ளே திறப்பதா வெளியே திறப்பதா என்ற விவாதத்தில் போகும். மிச்சம், அந்த விவாதத்தில் தோற்றவர்களைச் சமாதானப்படுத்துவதில் போகும்.

புதியவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தாருங்கள் அண்ணை என்று நம் தொழிலில் இருக்கும் இளையவர்கள் கேட்டார்கள். கணினியில் ஒரு கோடு கீறத் தெரியாமல் ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்பது மரியாதைக்குத்தான் என்று எனக்குத் தெரியும். மரியாதைக்குக் கேட்டதை உண்மையென்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதுவது என் பழைய வியாதி. அனுபவியுங்கள்.

நான் சொல்லப்போவது ஒரு படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியைப் பற்றி. உங்களுக்குச் சப்பென்று இருக்கலாம். நீங்கள் விமான நிலையங்களையும் வானளாவிகளையும் பற்றிக் கேட்க வந்திருப்பீர்கள். அவற்றைக் கட்டியவர்கள் இந்தமாதிரிக் கட்டுரைகள் எழுதுவதில்லை. அவர்களுக்கு அதற்கு ஆள் வைத்துக்கொள்ள வசதி உண்டு.

எண்பதுகளின் நடுவில் ஓர் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அவர் பெயரை எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் தேடிப்பிடித்து, இறந்துபோன மனிதரைத் தொல்லைப்படுத்த வேண்டாம். பெரியவர் என்றே சொல்கிறேன்.

அவரை அழைப்பதே எனக்கு முதற் சிக்கல். அலுவலகத்தில் எல்லோரும் அவரை முதற்பெயரால் அழைத்தார்கள், தேநீர் போடும் பெண் உட்பட. என் தகப்பனைவிட மூத்த மனிதரை அப்படிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. மரியாதையாகச் ‘சேர்’ என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது, பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய ஞாபகம் வருகிறதாம். ஆகவே நான் இருமினேன். அவருடைய அறை வாசலில் நின்று ஓர் இருமல், படத்தைக் காட்டுவதற்கு முன் ஓர் இருமல். வருடக்கணக்காக அவரை நான் இருமியே அழைத்தேன். எனக்கு நெஞ்சில் ஏதோ கோளாறு என்று அலுவலகத்தில் உறுதியான நம்பிக்கை இருந்தது. குளிர்காலங்களில் யாராவது மருந்து வாங்கித் தருவார்கள்.

அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். பாதிரியார் ஒருவரின் மகன். போருக்கு முன் படித்தார், போரில் மற்றவர்கள் கட்டிய பாலங்களை உடைத்தார், திரும்பி வந்து பள்ளிக்கூடங்கள் கட்டினார். அறுபதுகளில் கவுன்சில்களுக்காக அடுக்குமாடிகள் கட்டி, பதக்கம் பதக்கமாக வாங்கினார். அன்று பதக்கம் கொடுத்தவர்களின் பிள்ளைகள் வளர்ந்து கவுன்சிலர்களாகி, எண்பதுகளில் அதே கட்டடங்களைத் தகர்க்கக் கை தூக்கினார்கள். ஒரே கட்டடத்தால் இரண்டு தலைமுறைக்கு வேலை கொடுத்த மனிதர் அவர்.

நான் சேர்ந்து கொஞ்சக் காலத்தில், கிழக்கு லண்டனில் இருந்த அவருடைய அடுக்குமாடி ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பார்க்கப் போகலாமா என்று என்னைக் கேட்டார். மற்றவர்கள் எல்லோருக்கும் அன்றைக்கு மிக முக்கியமான வேலை இருந்தது. சனம் மடக்கு நாற்காலிகளும் பிளாஸ்குகளுமாக வந்து குந்தியிருந்தது. பெரியவர் சாண்ட்விச் கட்டிக்கொண்டு வந்திருந்தார். எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண், தான் அந்தக் கட்டடத்தில் பிள்ளைகளோடு இருந்த கதையையும், லிப்ட் வேலை செய்யாத கதையையும், சுவரில் பூஞ்சணம் பிடித்த கதையையும் அவரிடம் சொன்னார். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். தான் யாரென்று சொல்லவில்லை. கட்டடம் விழுந்ததும் அந்தப் பெண்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

தூசி அடங்கிய பிறகு பெரியவர் என் பக்கம் திரும்பி, நேராக விழுந்தது, சரிந்து விழுந்திருந்தால் வெட்கமாகப் போயிருக்கும் என்றார். திரும்பும் ரயிலில் சாண்ட்விச்சை என்னிடம் தந்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு அந்த மனிதரில் பெரிய இரக்கம் வந்தது. சாண்ட்விச்சையும் தின்றேன், நல்ல சாண்ட்விச்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரே ஆசைதான் இருந்தது. இடிக்கப்படாமல் நிற்கக்கூடிய ஒரு கட்டடத்தைக் கட்டிவிட்டுப் போகவேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அது கிடைத்தது. தெற்கு லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் என் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், ஒரு நூலகமும் ஊர் மண்டபமும். சரிவான நிலம். மேல்தெருவிலிருந்து நுழைந்தால் வாசிப்பறை, அங்கிருந்து ஒரு படிக்கட்டால் இறங்கினால் மண்டபம். அந்த வேலைக்குப் பொறுப்பு நான்.

இதே காலத்தில்தான் பெரியவர் படம் கீறும் விதம் மாறியது. மயிரிழை போன்ற கோடுகளால் கீறிக்கொண்டிருந்தவர், திடீரென்று தடித்த கறுப்புப் பேனாவை எடுத்துப் பெரிய பெரிய கோடுகளாகக் கீறத் தொடங்கினார். பத்திரிகைகளில் விமர்சகர்கள் துள்ளிக் குதித்தார்கள். முதுமையின் துணிவு என்று ஒருவர் எழுதினார். தேவையற்ற அனைத்தையும் துறந்த தெளிவு என்று இன்னொருவர் எழுதினார். எங்கள் அலுவலக இளைஞர்களும் தடித்த பேனாக்கள் வாங்கினார்கள். நான் கீறிய படங்களைப் பெரியவர் கையில் வாங்காமல், எனக்கு விளக்கிச் சொல்லும் என்பார். படத்தை வாயால் விளக்கத் தெரியாதவனுக்குப் படம் விளங்கவில்லை என்று அர்த்தமாம். அதையும் இளைஞர்கள் குறித்து வைத்துக்கொண்டார்கள். டாக்சியும் வேண்டாம் பஸ்ஸும் வேண்டாம் என்று எங்கும் நடந்தே போனார். இந்த வயதில் என்ன உடம்பு என்று எல்லோரும் வியந்தார்கள்.

அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

நான் கண்டுபிடித்தது கெட்டித்தனத்தால் இல்லை. தேநீரைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினார், அதைக் கண்டேன். பிறகு கட்டட வேலை நடக்கும் இடத்தில், ஒவ்வொரு படியின் விளிம்பிலும் சப்பாத்து நுனியால் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கியதைக் கண்டேன். மேஸ்திரிகள் அவர் காலாலேயே வேலையின் தரத்தைச் சோதிக்கிறார் என்று பயந்து போனார்கள். ஒருநாள் நடைபாதை விளிம்பில் அவர் தடுமாறியபோது, ஊர்ப்பழக்கத்தில் நான் சட்டென்று அவருடைய முழங்கையைப் பிடித்துவிட்டேன். நம் வீடுகளில் அதற்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. அவர் நின்று, என் கையை, கட்டடச் சாரத்திலிருந்து தன் கோட்டில் விழுந்த ஏதோ ஒன்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். தனக்கு நோய் ஒன்றும் இல்லை என்று சொன்னார். பிறகு ஒரு மாதம் என்னோடு வேலை தவிர வேறு பேச்சில்லை. என் இருமலுக்கும் பதில் இல்லை.

இப்போது படிக்கட்டுக்கு வருகிறேன். முழுக்க வெள்ளைக் கல். மேலே கண்ணாடிக் கூரை. வெயில் விழுந்தால், லண்டனிலும் சில நாள் விழுகிறது, ஒரு படி எங்கே முடிகிறது அடுத்த படி எங்கே தொடங்குகிறது என்று நல்ல கண்ணுக்கே தெரியாது. அட்டையில் செய்த மாதிரியில் அது அற்புதமாக இருந்தது. அட்டை மனிதர்கள் வழுக்கி விழுவதில்லை. கைப்பிடி என்பது கட்டடத்தில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு என்பது பெரியவரின் வாழ்நாள் கொள்கை. அவருடைய பழைய புகழ்பெற்ற படிக்கட்டுகள் ஒன்றிலும் கைப்பிடி கிடையாது. சட்டம் வந்த பிறகு வேறு வழியில்லாமல் வைத்தார்.

வைத்தார் என்று நான் சொல்வதற்கு நம் தொழிலில் ஓர் அர்த்தம் இருந்தது. நீங்கள் இதைக் கல்லூரியில் படித்திருக்க மாட்டீர்கள். கவுன்சில் பரிசோதகர் வரும்போது கைப்பிடி இருக்கும். அவர் திருப்தியாகப் போனதும் கழற்றுவோம், சுத்தமான படம் எடுப்போம், பிறகு பூட்டுவோம். பூட்ட மறந்துபோன கட்டடங்களும் உண்டு, நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது நீங்கள் கணினியில் ஒரு விரலால் கம்பியை அழித்துவிடுகிறீர்கள். நாங்கள் ஆள் வைத்து அழித்தோம், அவ்வளவுதான் முன்னேற்றம். எங்கள் நூலகக் கைப்பிடியைக் கழற்றுவதற்கென்றே, கல்லில் மறைந்திருக்கும் திருகாணிகளோடு வடிவமைத்திருந்தோம். அவற்றைத் திருக, கம்பி செய்த பட்டறைக்காரர் தனியாக ஒரு சாவி செய்து தந்திருந்தார். வேறெந்தச் சாவியும் பொருந்தாது. அது என்னிடம் இருந்தது.

அந்த வருடம் எங்கள் தொழில் படுத்துவிட்டது. யாரும் எதுவும் கட்டவில்லை. அலுவலகத்தில் மேசைகள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. போனவர்கள் விட்டுச்சென்ற பூச்சாடிகளை நான் என் மேசைக்கு எடுத்துவந்து தண்ணீர் ஊற்றினேன். என் மேசை ஒரு சின்னக் காடாகிவிட்டது. காட்டுக்குள் இருந்தால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நப்பாசை. வீடு வாங்கியிருந்தேன், வாங்கிய கையோடு விலை விழுந்த வீடு. மனைவி சட்டன் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் ஷிப்டில் வேலை செய்தாள். என் வேலையும் போனால் என்ன நடக்கும் என்பதைப் பற்றி நாங்கள் வீட்டில் பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தோம்.

நிறுவனத்தை அப்போது நடத்தியவர் இளைய பங்குதாரர். நல்ல சூட், காரில் தொலைபேசி. அவருக்குக் கட்டடத்தைவிடக் கட்டடத்தின் படம் முக்கியம், படத்தைவிட அதற்குக் கீழே வரும் பெயர் முக்கியம். திறப்பு விழா ஒரு சனிக்கிழமை மத்தியானம். அன்று காலை வெளிச்சத்தில் கட்டடக்கலைப் பரிசு ஒன்றுக்கு அனுப்பும் படங்களை எடுக்க வேண்டும். படத்தில் கைப்பிடி இருக்கக்கூடாது. திரும்பப் பூட்ட நேரமில்லாததால் திறப்பு விழாவும் கைப்பிடி இல்லாமலே நடக்கும், பெரியவர் மேயரோடு மேலிருந்து அந்தச் சுத்தமான படிக்கட்டால் இறங்கி வருவார், திங்கட்கிழமை பூட்டிவிடலாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் இதை எனக்குச் சொன்னார். பெரியவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவருடைய விருப்பமே அதுதான் என்றார். அது உண்மைதான். விசாரித்தேன். பெரியவர் தன் அறையில் இருந்து, கொள்கை கொள்கைதான் என்று சொன்னார். எந்தப் பக்கம் பார்த்துச் சொன்னார் என்பது வேறு விஷயம்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கழற்றினால் மனிதர் விழுவார். அந்த வயதில் கல்லில் விழுந்தால் எழும்புவது கஷ்டம். அவருடைய கண்ணைப் பற்றி இளைய பங்குதாரரிடம் சொன்னால் திங்கட்கிழமையே அவரை மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், கண் தெரியாத கட்டடக் கலைஞரிடம் யார் கட்டடம் கேட்பார்கள். கழற்றாவிட்டால் காட்டோடு சேர்த்து என் மேசையும் போகும். கையைப் பிடித்து இறக்கலாமென்றால் அதன் விளைவை ஏற்கெனவே கண்டிருந்தேன். ஊர்ச் சனத்துக்கும் மேயருக்கும் முன்னால் அதைச் செய்வதைவிட அவரை நானே தள்ளிவிடலாம்.

அன்றிரவுச் சாப்பாட்டு நேரம் மனைவியிடம் சொன்னேன். ஷிப்ட் முடிந்து வந்து, கால்களை இன்னொரு கதிரையில் தூக்கிப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

“அந்தாள் உங்களிட்டச் சொன்னதோ, கண் தெரியேல்லை எண்டு?”

“இல்லை. சொல்லவும் மாட்டார்.”

“எங்கட ஹோமிலயும் ஒருத்தரும் சொல்ல மாட்டினம். கையை நீட்டினால் தட்டி விடுவினம். பிறகு பார்த்தால், சுவரில கிடக்கிற கம்பியைப் பிடிச்சுக்கொண்டு தாங்களாய்ப் போவினம். கம்பிக்கு ஒருத்தரும் தாங்க்யூ சொல்லத் தேவையில்லையெல்லோ.”

வேலை போனால் என்ன செய்வது என்று, பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்ததை நான் பேசினேன்.

“போனால் போகட்டும். அந்தாள் விழுந்தால் நீங்கள் பிறகு சோறு தின்ன மாட்டியள். எனக்குத் தெரியும். நாளைக்கு நானும் சீலையோட அந்தப் படியாலதான் இறங்கவேணும், அதையும் யோசியுங்கோ.”

ஏழு வருடம் கட்டடக்கலை படித்தவன் நான். கைப்பிடி எதற்கு என்று எனக்கு அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பாடப்புத்தகத்தில் உயரமும் தடிப்பும் இருந்தன.

காலையில் போனேன். மேற்பார்வையாளர், ஓர் ஐரிஷ்காரர், படிக்கட்டின் அடியில் நின்று சாவிக்குக் கை நீட்டினார். நான் கோட்டுப் பைகளைத் தடவினேன். இடது பை, வலது பை, உள்பை. வலது பையில் சாவி விரலில் பட்டது. வெறுங்கையை வெளியே எடுத்து, தொலைந்துவிட்டது போலிருக்கிறது என்றேன். அவர் என் வலது பையைப் பார்த்தார். வெள்ளைப் படிகளைப் பார்த்தார். தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்ல மனிதர்.

இளைய பங்குதாரர் அவ்வளவு நல்ல மனிதராக இருக்கவில்லை. வெட்டி எடுங்கள் என்றார். வெட்டலாம், ஆனால் தீப்பொறி பட்டுக் கல் கறுக்கும், அந்தப் புள்ளிகள் எல்லாம் படத்தில் விழும், தூசி அடங்க மத்தியானமாகும், மேயர் தும்முவார் என்று சொன்னேன். அத்தனையும் உண்மை. பொய் ஒன்று சொல்ல நேர்ந்தால் அதைச் சுற்றி உண்மைகளால் வேலி அடையுங்கள், இது நான் உங்களுக்கு இலவசமாகத் தரும் தொழில்நுட்பம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“திங்கட்கிழமை உமது மேசையைப் பற்றிப் பேசுவோம்,” என்றார்.

பேச்சு மேசையைப் பற்றி இல்லை என்பது எனக்கு விளங்கியது. படம் பிடிப்பவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு கம்பியோடேயே படம் எடுத்தார்.

அன்றைக்கென்று வெயில். கண்ணாடிக் கூரையால் இறங்கி, படிக்கட்டை வெள்ளைத் துணி விரித்ததுபோல ஆக்கிவிட்டது. மண்டபம் நிறையச் சனம். கவுன்சிலர்கள், அயலவர்கள், எங்கள் தமிழ்ச் சனமும் கொஞ்சம், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அந்த மண்டபத்தைக் கேட்டிருந்தார்கள். மேல்தெருவால் வந்த பெரியவர் மேயரோடு படிக்கட்டின் உச்சியில் வந்து நின்றார். அவர் படிக்கட்டை அன்று முதல்முறையாக அப்போதுதான் காண்கிறார். காண்கிறார் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். அவர் அறிந்தவரை அங்கே கைப்பிடி கிடையாது.

மேயர் கழுத்தில் பதவிச் சங்கிலியோடு பேசிக்கொண்டே முதற் படியில் இறங்கிவிட்டார். பெரியவர் இறங்கவில்லை. சப்பாத்து நுனி மெதுவாக முன்னே வந்து விளிம்பைத் தேடியது. எனக்குப் பக்கத்தில் நின்ற இளைய பங்குதாரர் யாரோ ஒரு விருந்தினரிடம், அவர் எப்போதும் இப்படித்தான் நின்று இடவெளியை உணர்வார் என்று இரகசியமாக விளக்கினார். எனக்கு மறுபக்கத்தில் மனைவி நின்றாள். அவர் விழப்போகிறார் என்றே நினைத்தேன். மேலே ஓடிப்போக நான் காலெடுத்ததும், மனைவி என் கோட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

சமநிலைக்காகவோ என்னவோ, அவருடைய வலது கை பக்கவாட்டில் விரிந்தது. விரல்கள் கம்பியில் பட்டன. சூடான சட்டியைத் தொட்டதுபோல வெடுக்கென்று பின்வாங்கின. பிறகு திரும்பி வந்தன. பெருவிரல் கம்பிக்குக் கீழே போய் இறுகியதைக் கீழே நின்றே கண்டேன்.

பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி மேயரிடம் சொன்னார்: “நீங்கள் சும்மா வாருங்கள். நான் இந்தக் கைப்பிடியைச் சோதித்துப் பார்க்கவேண்டும்.”

மண்டபம் சிரித்தது. அவர் இறங்கினார். நிமிர்ந்த தலையோடு, ஒவ்வொரு படியாக, கை கம்பியில் வழுக்கி வர, தன் கட்டடத்துக்குள் தானாக இறங்கினார்.

“வடிவா இறங்கிறார்,” என்று மனைவி மெல்லச் சொன்னாள்.

எனக்குக் கண் கலங்கியது. தூசி என்று சமாளிக்க அங்கே தூசியும் இல்லை, அவ்வளவு சுத்தமாகத் துடைத்திருந்தார்கள். அவருக்குப் பின்னால் வாசிப்பறையில் நின்ற வயோதிபர்களும், சீலை உடுத்த பெண்களும், கம்பியில் கை வைத்தபடி வரிசையாக இறங்கி வந்தார்கள். ஒருவரும் கம்பியைப் பார்க்கவில்லை. ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் செய்த வேலைகளில் அதுதான் நன்றாக அமைந்தது.

திங்கட்கிழமை இளைய பங்குதாரர் என்னைப் பெரியவரின் அறைக்கு அழைத்துப்போய், நடந்ததை என் முன்னாலேயே விவரித்தார். கவனக்குறைவு என்றார், வேண்டுமென்றே செய்ததாகவும் இருக்கலாம் என்றார், இப்படிப்பட்டவர்களை வைத்திருக்கும் காலம் இல்லை என்றார். பெரியவர் அவரை வெளியே இருக்கச் சொன்னார். கதவு மூடியது. நான் இருமினேன். வேறென்ன செய்வது.

சாவியை எடுத்து, சத்தம் கேட்கும்படி மேசையில் வைத்தேன். அவருடைய கை சத்தம் வந்த பக்கம் வந்தது. சாவிக்குப் பக்கத்தால் போய், பென்சில்கள் போட்டிருந்த பேணியைத் தொட்டு, திரும்பி வந்து, மறுபடியும் தவறவிட்டது. சாவி அவருடைய மூக்குக்கு நேரே கிடந்தது. கையை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவருடைய தேநீர்க் கோப்பை விழுந்துவிடும் போலிருந்ததாகப் பாவனை செய்து, அதை நகர்த்தினேன். கோப்பையின் தட்டோடு சாவியும் நகர்ந்து அவர் விரலுக்குக் கீழே போனது.

அவர் அதைப் பெருவிரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

“எவ்வளவு காலமாக உமக்குத் தெரியும்?”

“தடித்த பேனா வந்ததிலிருந்து.”

“விமர்சகர்களுக்கு அது பிடித்திருந்தது.”

“எனக்கும் பிடித்திருந்தது,” என்றேன். அது பொய்யில்லை. நல்ல கோடுகள் அவை.

சாவியைத் தன் வெயிஸ்ட்கோட் பைக்குள் போட்டுக்கொண்டு கதவைத் திறக்கச் சொன்னார். வெளியே நின்ற இளைய பங்குதாரரிடம், அந்தச் சாவி தொலைந்துவிட்டது, யாரும் அதைத் தேட வேண்டாம் என்றார். என் மேசையும் காடும் தப்பின.

பரிசு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கிடைத்தது. வெள்ளைப் படிக்கட்டில் ஓடும் அந்த ஒரே ஒரு கோடு, ஒரு மேதை தன் கொள்கையைத் தானே மீறிய அழகு என்று ஒரு விமர்சகர் உருகி எழுதினார். இளைய பங்குதாரர் புதுச் சூட்டில் மேடையேறி, அந்தக் கைப்பிடிக்காகத் தான் எப்படிப் போராட வேண்டியிருந்தது என்று பேசினார். ஒருவகையில் உண்மைதான், எந்தப் பக்கம் நின்று போராடினார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கைதட்டினேன். நம் தொழிலில் கைதட்டத் தெரிந்திருப்பது மிக அவசியம்.

நூலகம் இன்னும் நிற்கிறது. போய்ப் பாருங்கள். நீங்கள் வடிவமைக்கப்போகும் கட்டடங்களில் பலருக்குக் கை தேவைப்படும், கேட்க மாட்டார்கள். நீங்கள் அங்கே நின்று நீட்டவும் முடியாது. அதற்குப் பதிலாகத்தான் கம்பி வைக்கிறோம், தாழ்வாரம் வைக்கிறோம், படிக்கட்டின் நடுவில் உட்கார ஒரு திண்டு வைக்கிறோம். இதற்கு மேல் தத்துவம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எனக்கும் பதக்கம் கிடைத்திருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை பின்னேரத்தைச் சொல்லி முடிக்கிறேன். மழை. வேலை முடிந்து வெளியே வந்தேன். எங்கள் அலுவலக வாசலில் தெருவுக்கு இறங்கச் சில கற்படிகள் உண்டு, பழைய கட்டடம், கைப்பிடி கிடையாது. பெரியவர் தொப்பியும் கோட்டுமாக மேற்படியில் நின்றுகொண்டிருந்தார். வழக்கமாக அந்நேரம் அவர் விக்டோரியா நிலையத்துக்குப் பாதி வழி நடந்திருப்பார். மழையென்றாலும் நடப்பார். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதை வாசிக்க முடியாத மனிதர் நடக்காமல் என்ன செய்வார் என்று எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. இத்தனை காலமும் நானும் மற்றவர்களோடு சேர்ந்து அவருடைய உடம்பைப் புகழ்ந்திருக்கிறேன்.

நான் இருமினேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்கை மட்டும் கோட்டிலிருந்து கொஞ்சம் வெளியே வந்தது. நான் பிடித்துக்கொண்டேன். இருவரும் படிகளில் இறங்கி, எதிர்ப்பக்க பஸ் தரிப்பிடத்தில் போய் நின்றோம். தூரத்தில் ஒரு பஸ் வெளிச்சம் திரும்பியது.

“வருவது என்ன நம்பர்?” என்று கேட்டார்.

சொன்னேன். அது அவருடைய பஸ் இல்லை. அடுத்து வந்ததும் அவருடையது இல்லை. அவருடையது வரும்வரை, வந்த ஒவ்வொன்றையும் வாசித்துச் சொன்னேன்.